உர மூட்டைக்குள் ஒரு எலக்ட்ரான் கணக்கு

செம்பனைத் தோட்டத்து ஸ்டோரில் அடுக்கி வைத்திருக்கும் பொட்டாஷ் மூட்டையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. உள்ளே மங்கிய சிவப்பில் பரல் பரலாக இருக்கும். அந்தச் சிவப்பும் இரும்பு ஆக்சைடு கொஞ்சம் கலந்திருப்பதால் வருவதுதான். உரம் போடும் பெண்கள் அதை வாளியில் அள்ளி மரத்தடியில் வீசிக்கொண்டே போவார்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எரியும், அவ்வளவுதான். ஆனால் 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 25 கிலோ பொட்டாசியமும் 22 கிலோவுக்கு மேல் குளோரினும் இருக்கின்றன. பொட்டாசியத்தைத் தனியே பிரித்துத் தண்ணீரில் போட்டால் ஊதாத் தீயோடு வெடிக்கும். குளோரினைத் தனியே பிரித்துத் திறந்துவிட்டால், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்முனையில் குளோரின் வாயுவில் சிக்கிய சிப்பாய்களுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேரும்.

மலேசியாவின் பாடாங் செராயில் நான் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் படிவம் 4, 5 பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். சிலர் இன்னும் தோட்டத்திலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள், தோட்டம் கைமாறிய பிறகு டவுன் பக்கத்துக் குடியிருப்புப் பகுதிகளான தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். தனிம அட்டவணை பாடம் வந்ததும் நான் முதலில் இழுப்பது இந்தப் பொட்டாஷ் மூட்டையைத்தான். ஆபத்தான இரண்டு தனிமங்கள் சேர்ந்து எப்படி ஆபத்தில்லாத உரம் ஆகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "டீச்சர், பொட்டாசியத்துக்கு ஒரு எலக்ட்ரான் கூட இருக்கு, குளோரினுக்கு ஒண்ணு குறையுது. கொடுத்து வாங்கிக்கிட்டா ரெண்டுக்கும் வெளிக்கூட்டுல எட்டு ஆயிடும், திருப்தி ஆயிடும்."

இந்தத் 'திருப்தி' கதை எனக்குப் பிடிக்காது. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தருகிறது என்பதால் பிள்ளைகள் எழுதுவதைத் தடுப்பதில்லை. ஆனால் எந்த அணுவும் எதற்கும் ஏங்குவதில்லை. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) மாதக் கடைசியில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைக் கூட்டிக் கழிப்பதைப் போல, எங்கே எவ்வளவு செலவு, எங்கே எவ்வளவு வரவு என்று எழுதிப் பார்த்தால்தான் ஒரு தனிமம் ஏன் துள்ளுகிறது, இன்னொன்று ஏன் சும்மா கிடக்கிறது என்பது விளங்கும்.

பொட்டாஷ் மூட்டையின் கணக்கையே போடுவோம். ஒரு மோல் (அணுக்களை மொத்தமாக எண்ணும் வேதியியல் அளவு) பொட்டாசியம் அணுக்களிலிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்க 419 கிலோஜூல் செலவாகும். குளோரின் அணுக்கள் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும்போது கிடைப்பது 349 கிலோஜூல். இதிலேயே 70 நட்டம். அதற்கு முன்னால் பொட்டாசிய உலோகத்தைத் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க வேண்டும், குளோரின் மூலக்கூறுகளை உடைக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் நட்டம் 280 பக்கம் வந்துவிடும். வெறும் கொடுக்கல் வாங்கலோடு கதை முடிவதாக இருந்தால் மூட்டையில் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு என்ற பொருளே உண்டாகியிருக்காது. கணக்கைக் காப்பாற்றுவது கடைசி வரி. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் ஒன்றையொன்று நெருங்கிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது 715 கிலோஜூல் அளவுக்கு வரவு வருகிறது. நட்டம் போக நிற்பது ஏறக்குறைய 435. அந்த லாபம் முழுவதும் வெப்பமாக வெளியே போய்விட்டதால்தான் மூட்டைக்குள் இருப்பது சாதுவாக இருக்கிறது. இனி அதைப் பழையபடி பிரிக்க வேண்டுமென்றால் அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

செம்பனைக்குப் பொட்டாசியம் நிறைய வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதோடு வரும் குளோரைடும் வீண் இல்லை. செம்பனைக்கும் தென்னைக்கும் அதுவும் சத்துதான். தென்னங்கன்று வைக்கும் குழியில் ஒரு கை உப்புப் போடும் பழக்கத்தில் விஷயம் இருக்கிறது. இன்னொன்று, மூட்டையின் மேல் '60 விழுக்காடு பொட்டாசியம் ஆக்சைடு' என்ற கணக்கில் எழுதியிருப்பார்கள். உள்ளே பொட்டாசியம் ஆக்சைடு துளிகூடக் கிடையாது. உர வியாபாரத்தின் பழைய வழக்கம் அது. அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போட்ட மாணவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, தனிம அட்டவணையின் முதல் நெடுவரிசையான முதல் தொகுதிக்கு வருவோம். லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம். கீழே போகப் போக வெளி எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து தள்ளிப் போகிறது. நடுவில் உள்ள எலக்ட்ரான் கூடுகள் கருவின் இழுப்பை மறைக்கின்றன. அதனால் பிடுங்கும் செலவு குறைகிறது: 520, 496, 419, 403, 376. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முதல் மூன்றையும் தண்ணீரில் போட்டுக் காட்டுவார். லித்தியம் நுரைத்துக்கொண்டு மெதுவாக மிதக்கும். சோடியம் உருண்டையாகி ஓடும். பொட்டாசியம் தீப்பிடிக்கும். வரிசை சரியாக வந்துவிட்டது என்று எல்லாரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

நான் நிறுத்துவது இங்கேதான். பொட்டாசியம் வேகமாக வினைபுரிகிறது என்றால் அதில் அதிக ஆற்றல் வெளிவருகிறது என்று அர்த்தமா? இல்லை. ஒரு மோலுக்குக் கணக்குப் போட்டால் இந்த மூன்றில் தண்ணீரோடு அதிக ஆற்றலை வெளிவிடுவது லித்தியம்தான். அதன் அயனி குட்டியாக இருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை மிக நெருக்கமாகச் சூழ்ந்துகொள்கின்றன. அங்கே வரும் வரவு, எலக்ட்ரானைப் பிடுங்கிய கூடுதல் செலவை ஈடுகட்டி மிச்சமும் வைக்கிறது. தண்ணீரில் எலக்ட்ரானை விடும் போக்கை வரிசைப்படுத்தும் மின்முனை அழுத்த அட்டவணையில் லித்தியம் கழித்தல் 3.04 வோல்ட்டில் உச்சியில் நிற்பதற்கும், கைப்பேசியிலும் மின்காரிலும் அது வந்து உட்கார்ந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். அப்படியானால் தண்ணீரில் ஏன் சோம்பேறித்தனம்? லித்தியம் உருக 180 டிகிரி வேண்டும். சோடியத்துக்கு 98 போதும், பொட்டாசியத்துக்கு 63 போதும். வினையின் சூட்டிலேயே சோடியமும் பொட்டாசியமும் உருகிப் புதுப் புது மேற்பரப்பைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. லித்தியம் உருகாமல் கட்டியாகவே நின்றுவிடுகிறது. எலக்ட்ரானைப் பிடுங்க அதிகம் செலவாவதும் அதைத் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு கிடைக்கிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. பாடநூல் இரண்டையும் 'வினைத்திறன்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறது.

பொட்டாசியம் வெடிப்பதற்குக்கூட, ஹைட்ரஜன் வாயு தீப்பிடிப்பதுதான் காரணம் என்று காலம் காலமாகச் சொல்லி வந்தார்கள். 2015-இல் செக் விஞ்ஞானி பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம்-பொட்டாசியம் கலவைச் சொட்டு தண்ணீரில் விழுவதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். தண்ணீரைத் தொட்ட கண நேரத்திலேயே சொட்டிலிருந்து முள் முள்ளாக உலோகம் பீய்ச்சிக்கொண்டு வந்தது. எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஓடிவிட, பின்னால் நிற்கும் நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தையே சிதறடிக்கின்றன. ஹைட்ரஜன் எரிவது அதற்கு அப்புறம்தான். இருநூறு வருடமாக எல்லாருக்கும் தெரிந்த வினை ஒன்றின் தொடக்கம் அவ்வளவு தாமதமாகத்தான் சரியாகப் புரிந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த இருநூறு வருடக் கணக்கு 1807-லிருந்து வருவது. அந்த ஆண்டு ஹம்ஃப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷ் காரத்துக்குள் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தை முதன்முதலாகப் பிரித்தார். சில நாளில் சோடியத்தையும் பிரித்தார். அதற்கு முன்னால் யாராலும் முடியாததற்குக் காரணம், விட்ட எலக்ட்ரானைப் பொட்டாசியத்திடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலு அன்று கையில் இருந்த எந்தப் பொருளுக்கும் சுலபமாக வரவில்லை. மின்கலம்தான் அதைச் செய்தது. அட்டவணையின் மறு ஓரத்தில் ஃபுளோரினுக்கும் இதே கதைதான், இன்னும் கொடூரமாக. அதைப் பிரிக்கப் போன பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் செத்தார்கள். கடைசியில் 1886 ஜூன் 26 அன்று பாரிஸில் ஆன்ரி முவாசான், பிளாட்டினம்-இரிடியம் பாத்திரத்தைக் கடுங்குளிரில் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுத்தார். 1906-இல் நோபல் பரிசு, அடுத்த ஆண்டே மரணம். மின்சாரமே இல்லாமல், வெறும் வேதிவினையால் ஃபுளோரினை எடுக்க அதற்குப் பின் சரியாக நூறு ஆண்டு ஆயிற்று. 1986-இல் கார்ல் கிறிஸ்டே செய்தார்.

17-ஆம் தொகுதியான ஹேலஜன்களில் (ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின்) திசை தலைகீழ் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். முதல் தொகுதியில் கீழே போனால் வினைத்திறன் கூடும், 17-ஆம் தொகுதியில் கீழே போனால் குறையும். இரண்டு விதி இல்லை, ஒரே விதிதான். வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் இரண்டிலும் கேள்வி. விடுகிறவனுக்குத் தூரம் வசதி, வாங்குகிறவனுக்கு நெருக்கம் வசதி. அப்படியென்றால் எலக்ட்ரானை வாங்கும்போது அதிக ஆற்றல் ஃபுளோரினுக்குத்தானே கிடைக்க வேண்டும்? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று அட்டவணையைப் பார்த்துவிட்டு, ஃபுளோரினுக்கு 328, குளோரினுக்கு 349, இது எப்படி டீச்சர் என்று கேட்கும். ஃபுளோரின் அணு அளவுக்கு மீறிச் சிறியது. உள்ளே ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதைத் தள்ளுகின்றன.

அந்தத் தள்ளுதலே வேறொரு வரியில் ஃபுளோரினுக்குச் சாதகமாகிவிடுகிறது. இரண்டு ஃபுளோரின் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறின் பிணைப்பும் அதே நெருக்கடியால் பலவீனமாக இருக்கிறது. உடைக்க 159 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 243 வேண்டும். ஆக, தொடங்கும் செலவு குறைவு. முடிவில், ஹைட்ரஜனோடும் கார்பனோடும் சிலிக்கனோடும் ஃபுளோரின் கட்டும் பிணைப்புகள் மிக உறுதியானவை, அதனால் வரவு பெரியது. குறைந்த முதலில் நிறைய லாபம். ஃபுளோரினின் மூர்க்கம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

எங்கள் ஊரிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியிருப்பார், பேரன் முழு வெள்ளை உடுப்புக்குள் நுழைந்து சிலிக்கன் தகடு பார்க்கிறான். அப்படி ஒரு தம்பி ஒருமுறை கேட்டான். "அக்கா, ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் வீக் ஆசிட்னு படிச்சோம். அப்புறம் ஏன் அதுக்கு மட்டும் தனிக் கையுறை, தனி ஜெல்னு இவ்வளவு பயமுறுத்துறாங்க?" நல்ல கேள்வி. தண்ணீரில் அது பலவீனமான அமிலமாக இருப்பதற்குப் பெரிய காரணம், ஹைட்ரஜன்-ஃபுளோரின் பிணைப்பு சுலபத்தில் விடாது என்பது. கண்ணாடியையும் சிலிக்கன் ஆக்சைடையும் அது கரைப்பதற்குக் காரணம், சிலிக்கன்-ஃபுளோரின் பிணைப்பு அதைவிட லாபமான இடம் என்பது. உடம்பில் பட்டால் தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கி, ஃபுளோரைடு அயனி கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதலுதவிப் பெட்டியில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருப்பது, எலும்பிலும் ரத்தத்திலும் உள்ள கால்சியத்துக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள் என்று ஃபுளோரைடுக்குக் கொடுக்கத்தான். இதே ஃபுளோரின் கார்பனோடு சேர்ந்து டெஃப்லான் ஆகிவிட்டால் தோசைச் சட்டியில் எதுவும் ஒட்டாமல் கிடக்கும். கிடைத்த லாபத்தை விட்டுவிட்டு வேறு எங்கும் போக அதற்குக் காரணமே இல்லை.

குளோரினிடம் எல்லாருக்கும் பழக்கம் உண்டு, குளோராக்ஸ் பாட்டில் இல்லாத வீடு இங்கே குறைவு. அதைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். காரத்தன்மை இருக்கும்வரை குளோரின் அதற்குள் அடங்கியிருக்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தை அதோடு கலந்தால் குளோரின் வாயுவாகவே வெளியே வந்துவிடும். இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டு இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர்கள் எங்கள் தாமானிலேயே உண்டு. ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிடும் அமிலம்தான், சிறுதோட்டக்காரர்கள் வீட்டுப் பின்கட்டில் அது சாதாரணமாகக் கிடக்கும். அதுவும் கூடாது. பால் கெடாமல் இருக்கப் போடும் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு வரும். அதுவும் கூடாது.

அதே சமயம் குளோரின் என்ற பெயரைக் கண்டதும் மிரள வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்ட களைக்கொல்லியான பாராகுவாட்டின் லேபிளில் 'டைகுளோரைடு' என்று இருக்கும். மருந்து அடித்த காலத்தில் பார்த்தவர்கள், அந்தக் குளோரின்தான் ஆளைக் கொல்கிறதோ என்று கேட்பதுண்டு. அங்கே குளோரைடு சும்மா உடன் நிற்கும் அயனி, சமையல் உப்பில் இருப்பதேதான். கொல்வது பாராகுவாட் அயனி. அது எலக்ட்ரானை வாங்கி ஆக்ஸிஜனிடம் கொடுத்து, திரும்ப வாங்கித் திரும்பக் கொடுத்து, நச்சு ஆக்ஸிஜன் வகைகளைச் செல்லுக்குள் உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

இனி ரப்பர். எங்கள் வட்டாரத்தில் ஹேலஜனுக்கு இருக்கும் பெரிய வேலையே இதுதான், பாடநூலில் ஒரு வரிகூட இல்லை. ரப்பர் கையுறை அச்சிலிருந்து கழன்று வரும்போது பிசுபிசுப்பாக ஒட்டும். முன்னெல்லாம் சோள மாவு தூவுவார்கள். அந்த மாவு ரப்பரின் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்து ஒவ்வாமையைக் கிளப்பியது. 2017 ஜனவரியிலிருந்து அமெரிக்கா மாவுக் கையுறைகளை மருத்துவ வேலைக்குத் தடை செய்தது. மாவுக்குப் பதில் நின்றவற்றில் ஒன்று குளோரின். நீர்த்த குளோரின் தண்ணீரில் கையுறையைக் கொஞ்ச நேரம் அலசினால், ரப்பர் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை (இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாகப் பிணைந்த இடங்களை) மேற்பரப்பில் மட்டும் குளோரின் பிடித்துக்கொள்கிறது. மேல் தோல் இறுகி வழுவழுப்பாகிறது, ஒட்டுவது நின்றுவிடுகிறது. அப்புறம் மிச்சக் குளோரினை நடுநிலையாக்கிக் கழுவிவிடுவார்கள். நேரமோ அளவோ கூடிப்போனால் கையுறை மஞ்சளித்து விறைத்துக் கிழியும்.

இந்த வேலைக்குக் குளோரினை வைத்தது தற்செயல் இல்லை. ஃபுளோரினை ரப்பர்மேல் அப்படியே விட்டால் மேற்பரப்போடு நிற்காது, தீப்பிடிக்கவும் கூடும். அயோடின் ரப்பரோடு சேர்வது மெதுவாகவும் அரைகுறையாகவும் நடக்கும், சேர்ந்ததும் கழன்று வந்துவிடும். புரோமின் செய்யும், ஆனால் விலையும் கையாளும் சிரமமும் அதிகம். (புரோமினுக்கு எங்கள் ஊரில் வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மின்னணுச் சுற்றுப்பலகைகள் தீப்பிடிக்காமல் இருக்க அதன் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். சூடேறினால் கார்பன்-புரோமின் பிணைப்பு தக்க சமயத்தில் அறுந்து, தீயை வளர்க்கும் துணுக்குகளைப் பிடித்துக்கொள்ளும்.) தொகுதி 17 என்பது ஒரே வேலையை நான்கு வேகத்தில் செய்யக்கூடிய வரிசை. எந்த வேகம் வேண்டும் என்று பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள்.

செம்பனை எண்ணெய்க்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். எண்ணெய் பரிசோதனைக் கூடத்தில் 'அயோடின் எண்' பார்ப்பார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை வாங்கிக்கொள்கிறது என்பதே அந்த எண். எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு என்பதை அது காட்டிவிடும். செம்பனை எண்ணெய்க்கு 50-லிருந்து 55 வரை வரும், தேங்காய் எண்ணெய்க்குப் பத்துக்குப் பக்கம், சோயா எண்ணெய்க்கு 120-ஐத் தாண்டும். தேங்காய் எண்ணெய் குளிர்ச்சியில் சீக்கிரம் உறைவதற்கும் சோயா எண்ணெய் உறையாமல் ஓடுவதற்கும் இந்த எண்ணோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பெயர் அயோடின் எண்ணாக இருந்தாலும் சோதனையில் வெறும் அயோடினை ஊற்றுவதில்லை. அது இரட்டைப் பிணைப்போடு சேர நேரம் எடுக்கும், முழுமையாகவும் சேராது. குளோரினை ஊற்றினால் அவசரத்தில் இரட்டைப் பிணைப்பை விட்டு வேறு இடத்து ஹைட்ரஜனையும் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், எண் பொய்யாகும். வீஸ் முறையில் இரண்டையும் கலந்த அயோடின் மோனோகுளோரைடைச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு முனை குளோரின், ஒரு முனை அயோடின். இரட்டைப் பிணைப்பில் தேவையான வேகத்தில் சேரும், மற்ற இடத்தைத் தொடாது. மிச்சத்தை அயோடினாக மாற்றி, தயோசல்ஃபேட்டை விட்டு, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் புள்ளியில் நிறுத்திக் கணக்கிடுவார்கள். ஹேலஜன் வரிசையைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் யோசித்த சோதனை இது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் 'கீழே போகப் போகக் குறையும்' என்ற வாசகத்தை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அயோடினைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். தோட்டத்து டிரஸர் (மருத்துவ உதவியாளர்) காயத்தில் தடவியதைப் போன்ற பழுப்பு மருந்து இப்போது பொவிடோன் அயோடின் என்ற பெயரில் ஃபார்மசியில் கிடைக்கிறது. ஒரு கிளாஸ் தண்ணீரில் சில சொட்டு விட்டு, வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் பழுப்பு மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். வைட்டமின் சி-யிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி அயோடின் அயோடைடு ஆகிவிட்டது. நிறம் போனதால் பொருள் எங்கும் போய்விடவில்லை.

மற்ற தொகுதிகளைப் பற்றிச் சுருக்கமாக. பதினைந்தாவது தொகுதியில் நைட்ரஜன் உச்சியில் இருக்கிறது. எலக்ட்ரானை இழுக்கும் வலுவில் அது குளோரினுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் காற்றில் ஐந்தில் நான்கு பங்காகச் சும்மா மிதக்கிறது. மூலக்கூறை உடைக்க 945 கிலோஜூல் வேண்டும், முதல் போட ஆளில்லாததால் வியாபாரம் நடக்கவில்லை. அந்தத் தடையை வினையூக்கியும் பெரும் அழுத்தமும் கொண்டு தாண்டியவர் ஃபிரிட்ஸ் ஹாபர். அம்மோனியா அப்படித்தான் வந்தது, ரப்பர்ப் பால் கெடாமல் காப்பதும் யூரியா மூட்டையாகி வருவதும் அதுதான். ஈப்ரஸில் குளோரினைத் திறந்துவிட ஏற்பாடு செய்தவரும் அதே ஹாபர்தான்.

நைட்ரஜனுக்குக் கீழே பாஸ்பரஸ், அதற்குக் கீழே ஆர்செனிக். முதல் இரண்டும் உரம், மூன்றாவது விஷம். பழைய ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்செனைட் தெளித்தார்கள். தெளித்த இடத்தில் மேய்ந்து மாடு செத்த கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆர்செனைட் உடம்பின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கெடுக்கிறது. அதன் அண்ணன் ஆர்செனேட் செய்வது வேறு. பாஸ்பேட் என்று நம்பிச் செல் அதை உள்ளே விடும். ஆனால் பாஸ்பேட் கட்டும் இடத்தில் அது கட்டும் பிணைப்பு தண்ணீர் பட்டதும் அவிழ்ந்துவிடும். ஒரே தொகுதி என்பதால் ஏமாற்ற முடிகிறது, ஒரு வரிசை கீழே என்பதால் வேலை நடக்காமல் போகிறது.

இப்போது 'திருப்தி' கதையின் கோட்டையான 18-ஆம் தொகுதி: நியான், ஆர்கான், செனான் போன்ற வாயுக்கள். எட்டு எலக்ட்ரான் நிறைந்துவிட்டது, அதனால் யாரோடும் சேராது என்று 1962 வரை விஞ்ஞானிகளே நம்பினார்கள். கனடாவில் நீல் பார்ட்லெட் என்ற இளைஞர் பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளோரைடு ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டார். ஆக்ஸிஜன் மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுக்க 1165 கிலோஜூல் ஆகும். பாடநூல் அட்டவணையைப் புரட்டியபோது செனானுக்கு 1170 என்று இருந்தது. அங்கே முடிந்தால் இங்கேயும் முடிய வேண்டும் அல்லவா? செனானைத் திறந்துவிட்டார், ஆரஞ்சு மஞ்சளாக ஒரு திடப்பொருள் படிந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் நம்பிய விஷயம் இரண்டு எண்களை ஒப்பிட்டதில் விழுந்தது. செனானுக்குத் திருப்தி இருந்ததா இல்லையா என்று அவர் கேட்கவே இல்லை.

17-ஆம் தொகுதியின் அடியில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அஸ்டடினில் நீண்ட நாள் நிற்கும் வகையே சுமார் எட்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதற்கும் கீழே 117-ஆவது தனிமம் டென்னசின், 2010-இல் உண்டாக்கி 2016-இல் பெயர் வைத்தது, கையளவு அணுக்கள்தான் இதுவரை. அணுக்கரு அவ்வளவு கனமாகிவிட்டால் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும், வெளிக்கூடுகளின் அமைப்பே மாறிவிடும். கணக்குப் போட்டவர்கள், டென்னசின் ஹேலஜன் மாதிரி எலக்ட்ரான் வாங்குவதைவிட உலோகம் மாதிரி நடந்துகொள்ளும் வாய்ப்பே அதிகம் என்கிறார்கள்.

போன வாரம் இதைச் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ எஸ்.பி.எம்.-ல டென்னசின் கேட்டா என்ன எழுதுறது டீச்சர்?" கேட்க மாட்டார்கள். அஸ்டடினைக் கேட்டால், அணு அளவு பெரிது, கருவின் ஈர்ப்பு பலவீனம், எலக்ட்ரான் வாங்குவது கடினம், எனவே அயோடினைவிட வினைத்திறன் குறைவு என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னேன்.